வினை வரும்வரை

ஜனவரி 6, செவ்வாய்

கம்பெனி லாக் புக்கில் சொந்தக் கருத்து எழுதக் கூடாது என்று வரதராஜன் சார் சென்னையிலிருந்து மெயில் போட்டிருக்கிறார். "இந்த வயரிங் செய்தவனைத் தேடிப் பிடித்து உதைக்கலாம்" என்று நேற்று நான் எழுதிய வரிக்குத்தான் இது. செய்தது அவருடைய மச்சான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனவே கருத்துகள் இனிமேல் இந்த நோட்டில்.

இடம்: வளைகுடாவில் ஒரு பயணிகள் துறைமுகம். பேரை எங்கேயும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தம். வேலை: கப்பல் எப்போது புறப்படும், எப்போது வரும் என்று காட்டும் மின்பலகைகள். இங்கிருந்து அக்கரைக்கு ஈரான் பக்கம் கப்பல் போகிறது. அதனால் ஒரு பலகை அரபியில், ஒரு பலகை பார்ஸியில். ஆங்கிலப் பலகை இன்னும் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. கப்பல் நேரம் காட்டும் பலகை கப்பலில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

என்னை ஏன் அனுப்பினார்கள்? என் பேர் செய்யது மொகுதூம், ஊர் கீழக்கரை. "நீ பாய்தானப்பா, அரபி வரும்ல" என்றார் வரதராஜன் சார். ஓத வரும் சார், குர்ஆனை ரெண்டு தரம் முடித்திருக்கிறேன், ஆனால் அர்த்தம் தெரியாது என்றேன். "அதெல்லாம் அங்க போனா வந்துரும்" என்றார்.

வந்து ஒரு வாரம் ஆகிறது. வரவில்லை.

ஜனவரி 8, வியாழன்

வாக்கியம் என்பது கூடு. கூட்டில் கப்பல் பேர், துறை பேர், நேரம் மூன்றையும் போட்டால் வாக்கியம் வெளியே வரும். தமிழில் அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். அதையே அகராதி பார்த்து, சொல்லுக்குச் சொல் அரபிக்கும் பார்ஸிக்கும் மாற்றிப் பலகையில் ஓடவிட்டேன்.

துறைமுகத்துப் பொறுப்பாளர் கேப்டன் ஹிலால் பார்த்தார். நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்தப் பலகை சொல்வது: துறைமுகம் கப்பலை நோக்கி ஐந்து மணியைப் புறப்படுகிறான்.

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவுக்கு போன் போட்டேன். அவள் ஊரில் பெண்கள் அரபிக் கல்லூரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அங்கே அரபி பாடம் நடத்தும் ஒரு ஆலிமா இருக்கிறாராம், பார்ஸியும் படித்தவராம். மூன்று பேருக்கும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் போட்டுவிட்டாள். குரூப்பின் பேர் "கப்பல்".

அந்த ஆலிமாவின் நம்பரில் ஆலிமா என்றுதான் இருக்கிறது. பேரைக் கேட்கவில்லை. பேரா முக்கியம்?

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்தது. துணி துவைத்தேன். ரூம் ஏசி என் தலைமாட்டில் சொட்டுகிறது, வாளி வைத்தேன்.

ஆலிமா அனுப்பிய முதல் குரல் பதிவு: "லாத்தா, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, மொதல்ல அவரு என்ன செய்ய நினைக்கிறாருன்னு தெளிவாச் சொல்லட்டும்."

ஒரே குரூப்பில் மூன்று பேர் இருக்கிறோம். அவர் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது. நடுவில் லாத்தா வழியாக எதற்கு? நேரம் வீண். ஆனால் நான் நேராகப் பதில் சொன்னதும், லாத்தா தனியாக எனக்கு "டேய்" என்று மட்டும் அனுப்பினாள். சரி. "லாத்தா, அவங்ககிட்ட சொல்லு" என்று ஆரம்பித்து மறுபடி சொன்னேன்.

ஜனவரி 11, ஞாயிறு

அரபி எனக்குப் பிடித்துவிட்டது. காரணம், வினை முதலில் வருகிறது. புறப்படுகிறது, கப்பல், அக்கரைக்கு, ஐந்து மணிக்கு. முதல் வார்த்தையிலேயே விஷயம் முடிந்தது, மிச்சத்தைக் கேட்காமலே போய்விடலாம். இல்லை என்று சொல்வதானால் அதைவிட நல்லது. "லா" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். "லா துகாதிரு", புறப்படாது. பொறியாளர்களுக்காகச் செய்த மொழி.

பார்ஸி அப்படியில்லை. எழுத்து அதே எழுத்து, வார்த்தையில் பாதி அரபி வார்த்தை, ஆனால் வினை வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது. ஆலிமா ரெண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "ஆகுலு அல்குப்ஸ." தின்கிறேன் ரொட்டியை, இது அரபி. "மன் நான் ரா மீகோரம்." இது பார்ஸி. மன் என்றால் நான். நான் என்றால் ரொட்டி. "லாத்தா, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, அங்க போய் நான் நான்னு பீத்திக்கிட்டா ரொட்டின்னு நெனச்சுக்குவாங்க."

அந்த "ரா" நம்முடைய "ஐ" வேற்றுமையாம். ரொட்டி ரா, ரொட்டியை. கடைசியில் வினை. "அப்படியே தமிழு. அரபி எழுத்துல எழுதின நம்ம வீட்டுப் பேச்சுன்னு வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார்.

பதிவை ரெண்டு தரம் கேட்டேன், சத்தம் தெளிவாக இல்லாததால். மூன்றாம் தரம் பஸ்ஸில் கேட்டேன். அது ஹெட்போன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க.

ஜனவரி 13, செவ்வாய்

அரபி மேல் இருந்த மரியாதை குறைந்துவிட்டது.

ஒன்று, கப்பல் பெண். ஆகவே "யுகாதிரு" போடக் கூடாது, "துகாதிரு" போட வேண்டும். கப்பலுக்கு ஒரு வினை, படகுக்கு வேறு வினை. படகு ஆணாம். யார் பார்த்தது? பார்ஸியில் இந்தத் தொல்லையே இல்லை. அவன், அவள் ரெண்டுக்கும் ஒரே சொல்.

ரெண்டு, எண்கள். மூன்றிலிருந்து பத்துவரை பெயர்ச்சொல் பெண் என்றால் எண் ஆண் வேஷம் போடும், ஆண் என்றால் பெண் வேஷம் போடும். அஞ்சு நிமிஷம் தாமதம் என்றால் நிமிஷம் பன்மை. பதினொன்று என்றால் நிமிஷம் மறுபடி ஒருமை. இதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்தவர்கள் எல்லாம் பாஸாகிவிட்டார்கள் என்று பதில் வந்தது. பார்ஸியில் எண் போட்டால் ஒருமைதான். நாமும் "அஞ்சு நிமிஷம்" என்றுதானே சொல்கிறோம்.

நான் ஒரு எதிர்க்கேள்வி போட்டேன். சின்ன வயதில் ஓதும்போது உயிர்க்குறிகளை ஜபர், ஜேர், பேஷ் என்று படித்தோமே, அதை அரபி அகராதியில் தேடினால் கிடைக்கவில்லையே. அவர் சிரித்தார். அது மூன்றும் பார்ஸியாம். மேல், கீழ், முன்னால். அரபி ஓதக் கற்றுக்கொண்டபோதே பார்ஸியும் கொஞ்சம் கற்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

நல்ல சிரிப்பு. ஒலிப்பதிவின் தரத்தைச் சொல்கிறேன்.

ஜனவரி 14, புதன்

மதியம் பலகை வேலையாக ஏணியில் நிற்கும்போது உம்மா போன். சலாம் சொல்லி, சாப்பாடு கேட்டு, சளி கேட்டு, பிறகு "சேகப்பா வீட்டு நடுப்புள்ளைய உனக்கு..." என்று ஆரம்பித்தது. கையில் ஸ்க்ரூடிரைவர், வாயில் ரெண்டு திருகாணி. திருகாணியைத் துப்பிவிட்டு, வேணாம்மா, சேகப்பா வீடும் வேணாம், சின்னப்பா வீடும் வேணாம், இப்ப பொண்ணு பேச்சே எடுக்காதீங்க என்றேன்.

உம்மா "சரி வாப்பா" என்று வைத்துவிட்டது.

அரை நிமிஷத்தில் முடிந்தது. திருகாணி ஒன்று கடலில் போய்விட்டது.

ஜனவரி 16, வெள்ளி

லாத்தா தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "உம்மாகிட்ட நல்லாப் பேசினியாமே. ரொம்ப நல்லாப் பேசினியாம்." நன்றி என்று போட்டேன். முறைக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாள். தவறிப் போய் அழுத்தியிருப்பாள்.

ஆலிமாவின் பதில்கள் சுருங்கிவிட்டன. குரல் பதிவு இல்லை, எழுத்து மட்டும். "ஆம்." "இல்லை." "விகுதி தவறு." கீழக்கரையில் நெட் பிரச்சனை போல. லாத்தாவிடம் கேட்டேன். நெட் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

அப்படியானால் சளியாக இருக்கும். விசாரிக்கலாமா என்று யோசித்தேன். வேலைக்குச் சம்பந்தமில்லாதது. பழைய பதிவுகளில் சந்தேகம் இருந்ததால் திரும்ப ஒருமுறை எல்லாவற்றையும் கேட்டேன். சந்தேகம் எதில் என்று குறித்துவைக்க மறந்துவிட்டேன்.

ஏசி இன்னும் சொட்டுகிறது.

ஜனவரி 18, ஞாயிறு

பலகையின் ஒரு வரியில் நாற்பத்தெட்டு எழுத்துதான் கொள்ளும். கப்பல் பேரும் துறை பேரும் நீளம். நாற்பத்தெட்டைத் தாண்டுகிற சொல்லை முழுதாக வெட்டிவிடச் சொல்லி எழுதிவிட்டேன். ரெண்டு மொழிக்கும் ஒரே வெட்டு. சுத்தமான நிரல்.

ஆலிமா எழுதினார், இந்த வாரத்தில் நீளமான செய்தி இதுதான்: "லாத்தா, உங்க தம்பிகிட்ட சொல்லுங்க. பார்ஸி வரியை வாலில் வெட்டக் கூடாது. 'ஹரகத் மீகொனத்' என்றால் புறப்படும். 'ஹரகத் நெமீகொனத்' என்றால் புறப்படாது. தன்மையில் சொன்னால் மீகொனம், நெமீகொனம். ஹரகத் என்பது புறப்பாடு, அவ்வளவுதான். ஆமா, இல்லை ரெண்டும் அதற்குப் பிறகு வருகிற வினையில் இருக்கிறது. நூன் என்ற ஒரு எழுத்தில் இருக்கிறது. கடைசிவரை பொறுமை வேண்டும். அது இல்லாதவருக்கு இந்த மொழி ஆகாது."

கடைசி ரெண்டு வாக்கியம் இலக்கணம் மாதிரி இல்லை.

எல்லா வரியும் அளவுக்குள்தான் இருக்கிறது, சோதித்துவிட்டேன் என்று பதில் போட்டேன். புறப்படும் என்கிற வரிகளைத்தான் சோதித்தேன். புறப்படாது என்கிற வரிகளைப் பிறகு பார்க்கலாம். இந்த ஊரில் கப்பல் எங்கே புறப்படாமல் இருக்கப்போகிறது?

ஜனவரி 21, புதன்

காலையில் ஒப்புதல் சோதனை. வடக்கிலிருந்து காற்று. மணல் பறக்கிறது. அக்கரைக் கப்பல் ரத்து என்று கேப்டன் ஹிலால் பொத்தானை அழுத்தினார். நல்லதுதான், நிஜ நிலைமையில் சோதனை என்று நினைத்தேன்.

அரபிப் பலகை: "லா துகாதிரு", அதன் பிறகு கப்பல் பேர், துறை பேர், வாலில் ஏதோ வெட்டுப்பட்டது. அரபிக்காரர்கள் முதல் வார்த்தையைப் பார்த்தார்கள், பெட்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பார்ஸிப் பலகை: கப்பல், அதன் நீளமான பேர், அக்கரையின் நீளமான பேர், இன்று, ஹரகத். அடுத்த சொல் நாற்பத்தெட்டுக்குள் கொள்ளவில்லை.

இன்று புறப்பாடு என்று படித்த ஈரான்காரர்கள் அத்தனை பேரும் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். பெட்டி, பிள்ளை, சுருட்டிய கம்பளம், ஒரு வாஷிங் மெஷின். பக்கத்தில் அரபிக்காரர்கள் ஏன் வீட்டுக்குப் போகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இடம் நிறையக் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள்.

நான் போய்க் கப்பல் போகாது என்று சொல்லப் பார்த்தேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்த பார்ஸி, ரொட்டி தின்கிறேன் என்பது ஒன்றுதான். கையை ஆட்டிக் காட்டினேன். வரிசையின் முன்னால் நின்ற பெரியவர் என்னைப் பார்த்துப் பலகையைக் காட்டினார், பொறுமையாக இரு தம்பி என்கிற மாதிரித் தோளில் தட்டினார். பிஸ்தா மிட்டாய் கொடுத்தார். வேண்டாம் என்றேன், திரும்பக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், இன்னும் ரெண்டு கொடுத்தார். கையில் மிட்டாயோடு நிற்கும்போது கேப்டன் ஹிலால் வந்தார்.

நிறுத்தி நிறுத்திப் பேசினார். "உன்னுடைய பலகை பாதி பொய் சொல்கிறது. பாதி பொய் முழுப் பொய்யைவிட மோசம்." நாலு நாளில் சரியாகவில்லை என்றால் பலகையையும் என்னையும் சேர்த்துக் கழற்றி அனுப்பிவிடுவாராம்.

மிட்டாய் நன்றாக இருந்தது. அதனால்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜனவரி 22, வியாழன்

குரூப்பில் நடந்ததை அப்படியே எழுதினேன். நீங்கள் சொன்னது சரி, நான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது. "லாத்தா, அவங்ககிட்ட சொல்லு" என்று போட மறந்துவிட்டேன். அவரிடமே சொல்லிவிட்டேன்.

மதியம்வரை பதில் இல்லை. பிறகு குரல் பதிவு. ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது அந்தக் குரலைக் கேட்டு.

"லாத்தா, உங்க தம்பிக்கு இன்னும் சரியா விளங்கலேன்னு நினைக்கிறேன். தமிழ்லயே உதாரணம் சொல்றேன். 'சேகப்பா வீட்டு நடுப்புள்ளைய உனக்குக் கேட்டு அவுஹ வீட்டுலேந்தே ஆள் வந்தாஹ.' இது ஒரு வாக்கியம். இதை 'உனக்கு'ங்கிற எடத்துல வெட்டிட்டா, ஆள் வந்த விஷயம் கேக்குறவருக்குத் தெரியவா போகுது? அவரு பாட்டுக்கு வேணாம்னு சொல்லிட்டு ஏணியில ஏறிடுவாரு. நடுப்புள்ள இங்க உக்காந்து அவருக்கு வினைமுற்று எழுதிக் குடுத்துக்கிட்டு இருப்பா. இலக்கணத்துக்காகச் சொல்றேன். வேற ஒண்ணுமில்ல."

பதிவை ஒரு தரம்தான் கேட்டேன். தெளிவாக இருந்தது.

லாத்தாவுக்கு போன் போட்டு ஆலிமாவின் பேர் என்ன என்று கேட்டேன். "இப்பத்தான் பேர் கேக்கத் தோணுச்சா தொரைக்கு" என்றாள். மர்ஜானா. சேகப்பா வீடு. மூன்று பெண்களில் நடு. லாத்தாவே பேச்சை எடுத்து, மர்ஜானாவிடம் சம்மதம் வாங்கி, அவர்கள் வீட்டில் பேசி, அவர்கள் எங்கள் உம்மாவிடம் ஆள் அனுப்பி, அதைச் சொல்லத்தான் உம்மா போன் போட்டிருக்கிறது. "உம்மா அழுதுச்சு. அவ அழல. உனக்கு விகுதி எழுதிட்டு இருந்தா."

அப்புறம் ஏன் யாரும் என்னிடம் திரும்பச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொண்ணு பேச்சே எடுக்காதேன்னு நீதானே சொன்னே."

ஏசி வாளி நிரம்பி நோட்டு நனைந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் மை பரவியிருப்பதற்கு அதுதான் காரணம்.

ஜனவரி 23, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் உம்மாவுக்கு போன் போட்டேன். தரையில் உட்கார்ந்துகொண்டு. கையில் ஒன்றும் இல்லை, வாயிலும் ஒன்றும் இல்லை. சேகப்பா வீட்டு விஷயம் என்ன உம்மா என்று மட்டும் கேட்டேன்.

உம்மா ஆரம்பித்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் புள்ளைய, நீ வேணாமின்னு சொன்ன மறுநாளே, காயல்பட்டணத்துலேந்து ஒரு துணிக்கடைக்காரவுஹ, மவன் டாக்டராம், நல்ல எடமாம், வீடெல்லாம் பொண்ணு வீட்டுல கேக்கமாட்டாஹளாம், அவுஹளே வந்து பாத்துட்டு, பூவும் பழமும் வெச்சிட்டு, அவ வாப்பாவும் சரின்னு தலைய ஆட்டிட்டு, அவ உம்மா எனக்கு போன் போட்டு ஒரு பாட்டம் அழுதுட்டு, அந்தப் புள்ளையக் கூப்பிட்டு எல்லாரும் ஒக்கார வெச்சு, ஒம் முடிவு என்னன்னு கேட்டதுக்கு, அவ..."

இந்த இடத்தில் உம்மாவுக்கு இருமல். தண்ணீர் குடிக்கப் போனது. சொம்பு வைக்கிற சத்தம். பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிட, என்ன ஏது என்று விசாரித்துவிட்டு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததில்லை.

"...கப்பல் வேலை ஒண்ணு பாதியில இருக்கு, அது முடியட்டும்னு சொல்லிட்டாளாம்."

வினை வந்துவிட்டது. நான் வாக்கியத்தை அரபிக்காரன் மாதிரிச் சொன்னேன், வினையை முன்னால் போட்டு: "கேளுங்க உம்மா. சேகப்பா வீட்டுல. எனக்கு."

"என்ன வாப்பா, பேச்சு தலகீழா வருது" என்றது உம்மா. ஆனால் விளங்கிவிட்டது. போனை வைக்காமலே என் வாப்பாவைக் கூப்பிட்டது.

ஜனவரி 24, சனி

நிரலைத் திருத்தினேன். பார்ஸி வரியில் இடம் போதவில்லை என்றால் கப்பல் பேரைச் சுருக்கும், துறை பேரைச் சுருக்கும், வினையைத் தொடாது. கேப்டன் ஹிலால் வேண்டுமென்றே ரத்துப் பொத்தானை நாலு தரம் அழுத்திப் பார்த்தார். நாலு தரமும் நூன் இருந்தது. என் தோளில் தட்டினார். இந்தத் துறைமுகத்தில் எல்லாரும் என் தோளில்தான் தட்டுகிறார்கள்.

வரதராஜன் சார் போன் செய்து, "நான்தான் சொன்னேன்ல, அங்க போனா வந்துரும்னு" என்றார். நான் கருத்து எதுவும் சொல்லவில்லை.

ஏசிக்காரன் வந்து சரிசெய்தான். ஒரு குழாய் அடைப்பு. முதல் நாளே கேட்டிருக்கலாம்.

ஜனவரி 25, ஞாயிறு

உம்மா நேற்று சேகப்பா வீட்டுக்குப் போய்க் கேட்டாயிற்று. அவர்கள் மர்ஜானாவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். நான் குரூப்பில், பலகை வேலை முடிந்தது, ஒப்புதல் கிடைத்துவிட்டது, நன்றி என்று போட்டேன். வேறு எதுவும் போடவில்லை. மூன்று தரம் எழுதி அழித்தது கணக்கில் வராது.

இஷா தொழுகைக்குப் பிறகு பதில் வந்தது. அரபி எழுத்தில், பார்ஸியில். எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"மன் ஷொமா ரா கபூல்"

அவ்வளவுதான். மன், நான். ஷொமா, நீங்கள். ரா, ஐ. நான் உங்களை. முதல் தடவையாக லாத்தா வழியாக இல்லாமல் நேராக எனக்கு. கபூல் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம், நிக்காஹில் மாப்பிள்ளை சொல்கிற வார்த்தை, ஏற்பு. நான் உங்களை ஏற்பு. வினை இல்லை. ஹரகத்தை நம்பி வாஷிங் மெஷினோடு நின்றவர்களைப் பார்த்தவன் நான். கபூலை நம்ப மாட்டேன்.

மிச்சம் எங்கே என்று கேட்டேன், நேராகவே. லாத்தா பதில் போட்டாள்: "அவளுக்கு நாப்பத்தெட்டு எழுத்து முடிஞ்சிடுச்சாம். நாளைக்குத்தானாம்."

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டுக்குப் பக்கத்திலேயே இல்லை. சொல்லவில்லை.

ஜனவரி 26, திங்கள்

சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது போனில் ஒரே ஒரு சொல்.

மீகொனம்.

வெளிச்சத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். முன்னால் நூன் இல்லை.